மேசைமேல் ஒரு பித்தளைக் கருவி

எமது மேசையின்மீது தந்தி தட்டும் சிறு பித்தளைக் கருவியொன்று இருக்கின்றது. தமிழாசிரியருக்கும் இதற்கும் யாது தொடர்பு என மாணவர் வினவுவதுண்டு. யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, அவ்வினாவுக்கு விடை கூறுதலே தக்கதெனத் துணிந்தோம்.

1990ஆம் ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறி கொண்டுவருதற்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. எம் அயலில் இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் வாழ்ந்தார். தபால் தந்திப் பகுதியில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். முன்னாளில் அனுமதிப்பத்திரம் பெற்று, தாமே கட்டிய கருவியால் சிற்றலையில் பிறநாட்டாரோடு உரையாடிய 'அமெச்சூர்' வானொலி அன்பர். போர் மூண்டதும் அக்கருவியைத் தம் கையாலேயே கழற்றிவிட்டார்.

சிறுவராகிய யாம் அவரைக் கோழையென்று எண்ணினோம். ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே கூறியும்விட்டோம். அவர் சினந்திலர். "அனுப்புற கருவியை ஒளிக்கலாம், தம்பி, அது விடுகிற அலையை ஒளிக்கேலாது. பிடிபட்டால் நான் மட்டுமல்ல, இந்த ஒழுங்கை முழுக்கப் பதில் சொல்லவேணும்" என்றார். பின்னர் இப்பித்தளைக் கருவியை எம் கையில் தந்து, "மோர்ஸ் பழகித் தாறன், வாரும்" என அழைத்தார். அனுப்பவியலாத மொழியைக் கற்று என்ன பயன் என மறுத்தோம்.

ஆசிரியரானபின் படித்த நூல்களே எம் கண்ணைத் திறந்தன. இரண்டிடங்களில் நின்று அலை வரும் திசையை அளந்து, அக்கோடுகள் வெட்டுமிடத்தைக் காணின் அனுப்பியவர் இருப்பிடம் புலப்படும் என அறிந்தோம். அரசுகளின் அச்சமும் விளங்கிற்று. மழை பெய்தது, கப்பல் வந்தது என்னும் கள்ளமற்ற பேச்சும் பகைவர் செவிக்கு எட்டுமன்றோ! 1917இல் அமெரிக்கா அனுப்புதலை மட்டுமன்றிக் கேட்டலையும் தடுத்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள், பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதன் மறுநாள், அந்நாட்டு அன்பர்களின் வாய் மீண்டும் கட்டப்பட்டது. போர் ஓய்ந்தபின், 1945இலேயே அக்கட்டு அவிழத் தொடங்கிற்று.

பிரித்தானியாவின் கதை இன்னும் வியப்புடையது. 1939இல் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. அனுப்புங் கருவிகளைத் தபாற் பகுதியினர் எடுத்துச் சென்றனர். ஆயினும் மெலிந்த மோர்ஸ் ஒலியையும் பிரித்தறியும் செவிகள் அவ்வன்பர்களிடமே இருந்தன. ஏறத்தாழ 1,500 பேர் தத்தம் இல்லங்களில் இரகசியமாக அமர்ந்து, ஜேர்மானிய உளவுத்துறையின் சங்கேத ஒலிகளைத் தாளில் எழுதி, பார்னெற் என்னும் ஊரின் தபாற் பெட்டிக்கு அனுப்பினர். அவை பிளெச்லி பார்க்கில் சங்கேதம் உடைப்போருக்குப் பயன்பட்டன. வாயைக் கட்டிய அரசே செவியை இரந்து நின்றது. பணிதல் வேறு, கலையைக் கைவிடுதல் வேறு என்பதை அன்றே உணர்ந்தோம். எம் அயலவர் முன்னதைச் செய்தார். பின்னதைச் செய்தவர் யாமே.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அம்பாந்தோட்டையில் தொலைபேசி அற்றபோது, விக்டர் குணதிலக்கவும் தோழரும் சிற்றலை வழியே அவ்வூரைக் கொழும்போடு இணைத்தனர். அமெச்சூர் வானொலிக்கு அனுமதி கிடைத்தல் அரிதாயிருந்த அந்தமானில், அனுமதி பெற்றுச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி போட் பிளெயரிலிருந்து செய்தி அனுப்பினார். வடமராட்சிக் கிழக்குக் கரையிலும் அன்று பல்லுயிர் இழந்தோம். எம் அயலவர் அதற்கு முன்னரே காலமாகியிருந்தார். அன்றிரவு இப்பித்தளைக் கருவியைத் தட்டிப் பார்த்தோம். ஒலி மேசையோடு நின்றது.

போர்க்காலத்துத் தடையே கூடாதென்பது எம் கருத்தன்று. தடை நீங்கும் நாள்வரை அறிவு அழியாதிருத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். இன்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு எவரும் முறைப்படி இக்கலையில் ஈடுபடலாம். யூபிலி ஆண்டின் நினைவாக, அப்பெரியார் மாணவராய் அமர்ந்த விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வானொலிக் கழகமொன்று அமைதல் நன்று. பழைய மாணவர் கைகொடுப்பாராயின், இப்பித்தளைக் கருவியை அதன் முதற் பொருளாகக் கையளிப்போம். முதல் மாணவராகவும் வந்து அமர்வோம்.