கெய்ரோவில் வாங்கிய ஒரு சுவரொட்டி

கெய்ரோவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பிரமிடைப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து படமும் எடுத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் கண்ணில் பட்டது வேறு. அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு பழைய சினிமா சுவரொட்டி.

"பேரீச்சம்பழம் வாங்கிட்டு வாடின்னா, காகிதத்தை வாங்கிட்டு வந்திருக்கா" என்றார் அப்பாவிடம்.

பேரீச்சம்பழமும் வாங்கியிருந்தேன். இருந்தாலும் இந்த வாரம் அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

காலை நிகழ்ச்சியிலிருந்து எட்டு நாள் விடுப்பு. கெய்ரோவில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழி இரண்டு வருடமாக "வா, வா" என்று அழைத்துக்கொண்டிருந்தாள். புறப்பட்ட இரவு, விமான நிலையத்தில் இருந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு. இனி அவரோடு வாழ முடியாது, விவாகரத்துக்கு மனு போடப் போகிறேன் என்றாள். சுற்றிலும் கூட்டம், கையில் போர்டிங் பாஸ். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாரேன்க்கா" என்றேன். "சரி, பத்திரமா போய்ட்டு வா" என்று வைத்துவிட்டாள். தினமும் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து நேயர்களுக்கு ஆறுதல் சொல்கிறவள் நான். சொந்த அக்காவுக்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு வரிதான். அது கெய்ரோ வரைக்கும் என்னோடு வந்தது.

வங்கிக்காரர் கட்டிய சினிமா

கெய்ரோ நகரின் மையத்தில் தலாத் ஹர்ப் சதுக்கம் இருக்கிறது. நடுவில் நிற்கும் சிலையைப் பார்த்து யாரோ தளபதி என்று நினைத்தேன். இல்லை, வங்கிக்காரராம். எகிப்தியரின் பணம் எகிப்திலேயே தொழிலாக வேண்டும் என்று 1920-இல் 'பாங்க் மிஸ்ர்' வங்கியைத் தொடங்கியவர் தலாத் ஹர்ப். நூற்பாலை, கப்பல், விமானம் என்று கால் வைத்த அந்த வங்கி, 1935-இல் சினிமாவுக்கும் ஓர் ஆலை கட்டியது. அதுதான் 'ஸ்டூடியோ மிஸ்ர்'. அங்கே தயாராகி 1936-இல் வந்த முதல் படம் 'விதாத்'. கதாநாயகி, பாடகி உம் குல்தூம்.

வானொலிக்காரியான எனக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் காது நிமிர்ந்துவிட்டது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவர் பாடும் கச்சேரி வானொலியில் நேரடியாக ஒலிக்கும். அந்த நேரத்தில் அரபு நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடிப் போகும் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் நடித்தது ஆறே படங்கள். ஆனால் இறந்து ஐம்பது ஆண்டு ஆகியும் நான் ஏறிய டாக்சிகளில் பாதியில் அவர் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

1940களிலிருந்து 1960கள் வரை எகிப்திய சினிமாவின் பொற்காலம். கெய்ரோவில் எடுத்த படம் மொரோக்கோவிலும் ஓடும், ஈராக்கிலும் ஓடும். எகிப்தியரின் பேச்சு அரபு மற்ற அரபு நாடுகளில் எளிதில் புரிவதற்கு இந்தப் படங்கள் ஒரு பெரிய காரணம்.

சதுக்கத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மெட்ரோ திரையரங்கு. 1940-இல் திறந்தது. 1952 ஜனவரி 26-ஆம் தேதி கெய்ரோ நகரமே பற்றி எரிந்த கலவரத்தில், பல திரையரங்குகளோடு இதுவும் எரிந்து, மீண்டும் எழுந்தது. வாசலில் இப்போது இருப்பவை கணினியில் செய்த விளம்பரங்கள். "பழசைப் பார்க்கணும்னா அதாபாவுக்குப் போகணும்" என்றாள் தோழி.

'ஹிந்தி ஃபிலிம்'

அதாபா மெட்ரோ ரயில் நிலையத்தை ஒட்டி 'சூர் அல் அஸ்பக்கீயா' என்ற பழைய புத்தகச் சந்தை. வரிசை வரிசையாகச் சிறு கடைகள். பள்ளிப் பாடநூல், மருத்துவ நூல், பழைய சினிமா இதழ் என்று எல்லாம் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. ஒரு கடையில் கூரைவரை சுவரொட்டிகள். எகிப்தில் அவற்றை 'அஃபீஷ்' என்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த சொல்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தோழி அவரை 'அம்மு' என்று அழைத்தாள். அப்பாவின் உடன்பிறந்தவரை அழைக்கும் சொல் அது. முன்பின் தெரியாத பெரியவரை நாம் 'அங்கிள்' என்பது போல. அவர் என் முகத்தைப் பார்த்து "ஹிந்தி?" என்றார். மலேசியா என்றதும் குழம்பிப்போனார். அல் அஸாரில் படிக்கும் மலாய் மாணவர்களை அவருக்குத் தெரியும். இந்த முகத்தோடு ஒரு மலேசியரை அவர் பார்த்ததில்லை போலும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அமிதாப் பச்சன்!" என்று முடிவு செய்துகொண்டார்.

அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. யாராவது நம்ப முடியாத கதை சொன்னாலோ, ஒன்றுமில்லாததற்கு ஒப்பாரி வைத்தாலோ, எகிப்தியர்கள் "இது என்ன ஹிந்தி ஃபிலிமா?" என்று கேட்பார்களாம். சுற்றிலும் பார்த்தேன். அம்முவின் கடைச் சுவர் முழுக்க அழுகை. கன்னத்தில் ஒரே ஒரு துளியோடு கதாநாயகி. அவள் பின்னால் புருவத்தை உயர்த்திய வில்லன். ஒரு மூலையில் துப்பாக்கி, இன்னொரு மூலையில் நடனக்காரி. "இதெல்லாம் என்னவாம்?" என்று தோழியைவிட்டுக் கேட்கச் சொன்னேன். அம்மு சிரித்துவிட்டார். "இது எங்கள் வீட்டு அழுகை. அது வேறு" என்றார்.

ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். 1950களின் அஃபீஷ்களில் முகங்கள் ஓவியரின் கைவேலை. புகைப்படத்தைப் பார்த்து வரைவார்கள். பிறகு அச்சுக்குப் போகும். அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். அதனால் கதை என்ன, யார் நல்லவன், யார் கெட்டவன் என்று தெருவில் போகிறவனுக்குப் படமே சொல்லிவிட வேண்டும். நட்சத்திரத்தின் பெயர் சில சமயம் படத்தின் பெயரைவிடப் பெரிதாக இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு அவர் சொன்ன ஒரு குறிப்பு: மடிப்புக் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். அசலில் மடிப்பு காகிதத்தில் இருக்கும். நகலில் மடிப்பும் சேர்ந்து அச்சாகியிருக்கும். தாள் வழவழவென்று இருக்கும். அவர் கடையில் இரண்டும் உண்டு. எது எது என்று ஒளிக்காமல் சொன்னார்.

சுவரொட்டி சொல்லாதது

ஓர் அஃபீஷில் ஹிந்த் ருஸ்தும், ஃபரித் ஷௌக்கி. 'பாப் அல் ஹதீத்', 1958. ஹிந்த் ருஸ்துமைக் கிழக்கின் மர்லின் மன்றோ என்பார்கள். ஃபரித் ஷௌக்கி சண்டைப்பட நாயகர். இந்த இரண்டு பெயரையும் பார்த்துக் காதலும் அடிதடியும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, இயக்குநர் யூசுப் ஷாஹின் காட்டியது கெய்ரோ ரயில் நிலையத்தில் நாளிதழ் விற்கும் ஒரு கால் ஊனமான மனிதனை. அவனாக நடித்தவரும் ஷாஹினேதான். இதழ்களிலிருந்து பெண்களின் படங்களை வெட்டித் தன் குடிசைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காகிதப் பெண்களோடு வாழ்ந்து, கடைசியில் உயிருள்ள பெண்ணைக் கொல்லத் துணிகிறவன். ரசிகர்கள் அன்று படத்தை ஏற்கவில்லை. இன்று அரபு சினிமாவின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

'துஆ அல் கரவான்', 1959. தாஹா ஹுசைனின் நாவல். இயக்கம் ஹென்றி பரக்காத். ஃபாத்தன் ஹமாமாவின் பெரிய கண்களைப் பார்த்தால் காதல் படம் என்றுதான் தோன்றும். கதையோ, குடும்ப மானம் என்ற பெயரில் தாய்மாமனே ஒரு பெண்ணைக் கொல்வதும், அவள் தங்கை பழிவாங்கப் புறப்படுவதும். கண்ணீர் என்று சொல்லிக் கூட்டத்தை உள்ளே அழைத்து, வெளியே யாரும் வாய் திறக்காத விஷயத்தை உள்ளே பேசியிருக்கிறார்கள்.

பிறகு அம்மு இன்னொன்றை விரித்தார். அதுவும் ஃபாத்தன் ஹமாமா, ஆனால் நடுத்தர வயதில். எனக்கு அரபு தெரியாது. "படத்தின் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"உரீது ஹல்லன்" என்று வாசித்தார். தோழி மொழிபெயர்த்தாள்: "எனக்கு ஒரு தீர்வு வேண்டும்."

1975-இல் வந்த படம். இயக்கம் சயீத் மர்சூக். கதை எழுதியவர் ஹுஸ்ன் ஷா என்ற பெண் பத்திரிகையாளர். வசதியான வீட்டுப் பெண் துர்ரியா கணவனிடமிருந்து விவாகரத்து கேட்கிறாள். அவன் தர மறுக்கிறான். அவள் நீதிமன்றம் போகிறாள். வருடக் கணக்கில் இழுக்கிறது. அவன் பொய்ச்சாட்சி கொண்டுவருகிறான். அம்மு கதையைச் சொல்லச் சொல்ல, தோழி தமிழில் சொன்னாள். "கடைசியில் கிடைத்ததா?" என்றேன். அம்மு தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

விலை பேசவில்லை. வாங்கிக்கொண்டேன். அன்றிரவு அதைப் படம் பிடித்து, பெயரின் பொருளையும் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "எவ்வளவு கொடுத்த? ஏமாந்துட்டியா?"

வீட்டுக் கூடத்தில்

திரும்பி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூடியூப்பில் ஆங்கில வரிகளோடு அந்தப் படத்தைப் போட்டேன். அக்கா வந்திருந்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். ஆங்கில வரிகள் ஓடும் வேகத்துக்கு அம்மாவால் ஈடுகொடுக்க முடியாது. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில், "நீ சும்மா இரு, எனக்குப் புரியுது" என்றார்.

நீதிமன்றத்தில் ஒரு வயதான பெண் வருகிறார். நெடுங்காலம் குடும்பம் நடத்திவிட்டுக் கணவன் விலக்கிவிட, ஜீவனாம்சத்துக்காக நடையாய் நடப்பவர். நடித்தவர் அமீனா ரிஸ்க். எகிப்தியத் திரையில் எத்தனையோ பேருக்கு அம்மாவாக நடித்தவர். சொந்த வாழ்க்கையில் திருமணமே செய்துகொள்ளாதவர். அவரைப் பார்த்ததும் அம்மாவின் கை நின்றுவிட்டது. "எங்க அத்தையும் இப்படித்தான் நடந்தாங்க" என்றார். அந்த அத்தையைப் பற்றி அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

படத்தில் துர்ரியா தோற்றாள். ஆனால் கதை திரைக்கு வெளியே தொடர்ந்தது. 1979-இல் எகிப்தின் குடும்பச் சட்டம் பெண்களுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டது. இந்தப் படம் கிளப்பிய விவாதத்துக்கும் அதில் பங்குண்டு என்று எகிப்தில் பலரும் சொல்வார்கள். 1985-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு சற்று மாற்றி வேறொரு சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டில்தான், பணம் சார்ந்த உரிமைகளை விட்டுக்கொடுத்தால், கணவனின் குற்றத்தை நிரூபிக்காமலேயே மனைவி விலகலாம் என்ற வழி திறந்தது. ஒரு பெண் திரையில் தோற்று 25 ஆண்டுகள் கழித்து.

படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா கீரையை அள்ளிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்: "அந்தச் சமரசக் குழுவுக்கு என்னைக்குப் போகணும்? தனியா போகாத. நானும் வரேன்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போய் அம்மாவிடமிருந்து கீரைத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

தெருச் சுவர்களில் ஒட்டிய அஃபீஷ்கள் மழையிலும் வெயிலிலும் போய்விட்டன. அவற்றின் மேல் அடுத்த படத்தை ஒட்டினார்கள். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஒட்டப்படாமல் மிஞ்சியவை. பல பழைய படங்களின் உரிமை வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் போய்விட்டதாக அம்மு வருத்தப்பட்டார். "படம் அவர்களிடம் இருக்கிறது. காகிதம் மட்டும் எங்களிடம்" என்றார்.

நீங்கள் கெய்ரோ போனால் பிரமிடைப் பாருங்கள். ஒரு காலைப்பொழுதை அதாபாவுக்கும் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், காலையில் பல கடைகள் மூடியிருக்கும். நம் ஊரிலிருந்தே ஓர் அட்டைக் குழாய் எடுத்துப் போங்கள். அழகாக இருக்கும் முகத்தை வாங்குவதற்கு முன்னால், அந்தப் படத்தின் பெயரையும் கதையையும் கேளுங்கள்.

என்னுடையது இப்போது என் வீட்டில் இல்லை. அக்கா வாடகைக்கு எடுத்திருக்கும் புது வீட்டின் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். சட்டம் போட்ட செலவும் அவளுடையதுதான்.