காகபாதம் இருக்கா? பார்த்து வாங்குங்க!

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுர வாசலை விட்டு வெளியே வந்தால் தெற்குச் சித்திரை வீதி. அதற்கு அடுத்த சுற்று, தெற்கு ஆவணி மூல வீதி. மதுரைக்காரர்களுக்கு நகை என்றால் நினைவுக்கு வருவது இந்த வீதிதான். முகூர்த்த மாதங்களில் தங்கத்தோடு, ஏழு கல் வைரத்தோடும் வைர மூக்குத்தியும் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

மதுரை மண்ணில் வைரம் கிடைப்பதில்லை. 18-ம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை, உலகத்துக்கு வைரம் தந்தது பெரும்பாலும் நம் நாடுதான். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர் சுரங்கம் அதில் பேர்பெற்றது. ஆனால், வாங்கும் வைரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை மதுரை அப்போதே தெரிந்து வைத்திருந்தது.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைவீதியைச் சுற்றிப் பார்க்கிறான். நவரத்தினங்கள் விற்கும் கடைகள் வருகின்றன. வைரத்தில் இருக்கக் கூடாத நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் அங்கே பட்டியலிடுகிறார். காகபாதம் என்றால் காக்கைக் கால் போன்ற கீறல். களங்கம் என்றால் கறை. விந்து என்றால் புள்ளி. ஏகை என்றால் கோடு. இன்றைக்கு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து ‘கிளாரிட்டி’ என்று தரம் பிரிக்கிறார்களே, அவர்கள் தேடுவதும் ஏறக்குறைய இதைத்தான்!

மதுரையின் இன்னொரு கதையும் கல்லைப் பற்றியதுதான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில், இளவரசனுக்கு மகுடம் செய்ய நல்ல கற்கள் இல்லாமல் மந்திரிகள் தவிக்கிறார்கள். சொக்கநாதரே ரத்தின வியாபாரியாக வருகிறார். கல்லை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு போய்விடவில்லை அவர். வலன் என்ற அசுரனின் எலும்பு வைரமானது, பல் முத்தானது என்று பிறப்பு முதல் குணம், குற்றம் வரை விளக்கிய பிறகே விற்கிறார். ஆவணி மூலத் திருவிழாவில் ‘மாணிக்கம் விற்ற லீலை’ இன்றும் நடக்கிறது.

இத்தனை தெரிந்த ஊரில்தான், கோவலன் கொண்டுவந்த சிலம்பைச் சோதித்துப் பார்க்க ஆளில்லை. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். முதலிலேயே பார்த்திருந்தால் ஓர் உயிர் போயிருக்காது; ஊரும் எரிந்திருக்காது.

நாம் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தங்கத்துக்கு இருக்கும் ஹால்மார்க் முத்திரை, அதில் பதித்த வைரத்துக்குப் பொருந்தாது. வைரத்துக்குத் தனியாகச் சர்டிபிகேட் வேண்டும். எடையையும் கவனியுங்கள். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்.

லேபில் வளர்த்த வைரமும் அதே கார்பன்தான். கடையில் வைத்திருக்கும் சாதாரண டெஸ்டர் இரண்டையுமே வைரம் என்றுதான் காட்டும். ஆனால், விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. எனவே, ‘இயற்கை வைரமா, லேப் வைரமா?’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாட்டிமார் பெருமையாகச் சொல்லும் ‘ப்ளூ ஜாகர்’, தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தால் வந்த பெயர். அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. புதுக் கல்லுக்கு அந்தப் பெயரைச் சொன்னால், பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

வைரத்தைச் சுத்தியலால் அடித்துச் சோதிப்பதும் வேண்டாம். உலகிலேயே கடினமான இயற்கைக் கல் என்றாலும், ஓங்கி அடித்தால் உடைந்துவிடும்.

‘வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது’ என்று சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகே வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல பழக்கம்தான். கடைக்காரர் சம்மதித்தால், அந்த நாட்களில் கல்லை வேறோர் இடத்திலும் காட்டிச் சோதித்துவிடுங்கள். ராசி பார்த்த மாதிரியும் ஆச்சு, காகபாதம் பார்த்த மாதிரியும் ஆச்சு!