கை கால் சரி, ஆள் சரியில்லை

திங்கள்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் காலையிலேயே டீசல் நாற்றம். பலநாள் படகொன்றிலிருந்து சூரை இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படகில் முன்பு எஞ்சின் பார்த்தவர் இப்போது கரையில் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தவர். ஹெல்மெட் இருந்தது, ஹாண்டிலில்.

அவருடைய மச்சான் ஒரு மீனை நீட்டி, "இது நேத்தையதா, இண்டைக்கா?" என்று கேட்டார். இவர் செவுளை விரித்து நிறம் பார்த்தார், கண்ணை அமுக்கிப் பார்த்தார். மணந்து பார்க்கவில்லை. மண்டை பலமாக அதிரும்போது மூக்கிலிருந்து மூளைக்கு ஏறும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்துவிடுவதுண்டு. எஞ்சின் அறையில் டீசல் கசிந்தாலும் இவருக்குத் தெரியவராது. ஆகவே கடலுக்கு விடக்கூடாது என்பது என் கட்சி.

"எனக்கு ஒண்டுமில்ல, இவங்கதான் விடுறாங்க இல்ல" என்கிறார். வீட்டார் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் முன்மூளைக் காயத்தின் ஒரு பகுதிதான். அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு மாதங்கள் பிடித்தன.

புதன்

திருக்கடலூரில் அவர் வீடு. மனைவி ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து வைத்தார். சீ.டீ. படங்கள், டயக்னோசிஸ் காட், வலிப்புக் குளிசைத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாம் அதற்குள். கணவரின் கடந்த இரண்டு வருடத்தை முழுதாக அறிந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். அறுவை செய்தவர் வேறு ஊரில், கிளினிக் இங்கே, கோபத்துக்கு மருந்து தருபவர் இன்னொரு கட்டடத்தில். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பது இந்தப் பையின் புண்ணியத்தில்.

டயக்னோசிஸ் காட்டில் கிளாஸ்கோ அளவு எழுதியிருந்தது. கொண்டுவந்தபோது 7, வீட்டுக்கு அனுப்பியபோது 15. டீஸ்டேலும் ஜெனட்டும் 1974இல் கிளாஸ்கோ நகரில் வகுத்த இந்த நினைவுநிலை அளவு 3இல் தொடங்கி 15இல் முடிகிறது. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுங்காயம். 15 என்றால் கண் திறக்கிறார், தடுமாறாமல் பதில் சொல்கிறார், சொன்னதைச் செய்கிறார் என்று மட்டுமே பொருள். சம்பளக் காசை வழியில் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வருவாரா, மகளின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிவாரா என்பதை அந்த எண் சொல்லாது.

வலதுகுறைந்தோர் கொடுப்பனவுக்குப் போன இடத்தில், "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலதுகுறைந்தோர் உரிமைச் சட்டம் உடலோடு உளத் திறனையும் சேர்த்தே வலதுகுறைவைச் சொல்கிறது. 2025 வரவு செலவுத் திட்டம் மாதக் கொடுப்பனவை 7,500இலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. பணம் கூடியிருக்கிறது, பார்க்கிற கண் மாறவில்லை.

உயிரைக் காப்பாற்றும் பாதி இங்கே எவ்வளவோ முன்னேறிவிட்டது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நோயாளியோடு பாதைப்படகுக்குக் காத்துக்கிடந்த ஊர் இது. இன்று 1990ஐ அழுத்தினால் அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. வீடு திரும்பிய பிறகான முப்பது நாற்பது வருடத்துக்குத்தான் அழைக்க ஓர் இலக்கம் இல்லை.

பிரித்தானியாவில் இதற்கென்றே கேஸ் மனேஜர் என்று ஒருவர் உண்டு. வைத்தியர், வேலைத்தலம், வங்கி, வீடு எல்லாவற்றையும் வருடக்கணக்கில் அவரே இணைத்துப் பார்ப்பார். விபத்து நட்டஈட்டு வழக்குகளின் பணத்தில் ஓடும் ஏற்பாடு அது, அப்படியே நமக்கு ஒத்துவராது. ஆனால் நம்மிடம் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். தலைக்காயத்தோடு வீடு திரும்புகிறவரின் பெயரை ஆஸ்பத்திரி அவருக்கு அறிவித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெள்ளி

பீனியஸ் கேஜின் கதையை மச்சானிடம் சொன்னேன். 1848இல் அமெரிக்காவில் ரயில்பாதை வெடிவேலையின்போது இரும்புக் கம்பியொன்று மண்டையைத் துளைத்துப் போக, உயிர் தப்பியவர். குணம் கெட்டுப்போனார் என்பதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். பிறகு சிலியில் வருடக்கணக்கில் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்ததைச் சொல்வதில்லை. தினமும் ஒரே ஒழுங்கில் வந்த வேலைதான் அவரை நிமிர்த்தியது என்று பின்னாளைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மச்சான் யோசித்துவிட்டு, "அப்ப ஐஸ் பெட்டிய எண்ணுற வேலைய நிரந்தரமாக் குடுப்பம்" என்றார். காலை ஐந்து மணிக்கு எண்ணிக்கை, கொப்பியில் கையெழுத்து, பத்து மணிக்கு வீடு, மத்தியானம் கட்டாயத் தூக்கம், குளிசைக்குப் போனில் அலாரம். சம்பளம் மனைவி கையில். சாராயம் கிடையாது, வலிப்பு வரும். மூளை களைப்பது உடம்பு களைப்பதுபோல் வெளியே தெரியாது, அதனால் பத்து மணிக்குமேல் ஒரு பெட்டிகூட வேண்டாம் என்றேன்.

தலையில் அடிபட்டுத் திரும்பியவர் உங்கள் வீட்டில் இருந்தால், டயக்னோசிஸ் காட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு சமூக சேவை உத்தியோகத்தரிடம் போய்ப் பெயரைப் பதியுங்கள். கோபம், மறதி, காசுக் கணக்குப் பிசகுவது எல்லாவற்றையும் திகதியோடு எழுதிக் கொண்டுபோங்கள். கை கால் சரிதானே என்று யாராவது சொன்னால் 28ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள்.