அச்சு முறிந்த தேரும் அதிகைப் பெருமானும்

பண்ருட்டிக்கு அருகே, கெடில நதிக்கரையில் உள்ளது திருவதிகை. அட்ட வீரட்டத் தலங்களுள் திரிபுரம் எரித்த தலம் இது. வித்யுன்மாலி, தாரகாட்சன், கமலாட்சன் என்னும் மூவர் பொன், வெள்ளி, இரும்புக் கோட்டைகளில் இருந்துகொண்டு உலகை வருத்தியபோது, பெருமானுக்கென்று தேவர்கள் ஒரு தேரை உருவாக்கினார்கள். பூமியே தட்டாயிற்று. சூரிய சந்திரர் சக்கரங்களாயினர். நான்கு வேதங்கள் குதிரைகள், பிரமன் சாரதி. மேருமலை வில்லாக, வாசுகி நாணாக, திருமால் அம்பாக அமைந்தனர். தேர்த் திருவிழா என்பதே இந்நிகழ்ச்சியிலிருந்துதான் தோன்றியது என்றும், ஆகவே தேரோட்டத்துக்குத் தாய்வீடு தங்கள் ஊரே என்றும் அதிகையைச் சேர்ந்தவர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. ஆண்டுதோறும் வைகாசிப் பெருவிழாவில் வடம் பிடிக்க வரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெருமையை மறுக்க மாட்டார்கள்.

இந்தக் கதையில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் உண்டு. தேர் புறப்பட்ட சிறிது தொலைவிலேயே அதன் அச்சு முறிந்துவிட்டது. விநாயகரை வழிபடாமல் புறப்பட்டதே காரணம் என்று புராணம் கூறும். அச்சு இற்ற இடம் இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து அச்சிறுபாக்கம். பாடல் பெற்ற தலம். குதிரைகள் களைத்தன என்றோ, கொடி சாய்ந்தது என்றோ கதை சொல்லவில்லை. தேரின் அடிவயிற்றைக் குனிந்து பார்த்த ஒருவருக்கு அதன் பொருள் விளங்கும். மேலே எத்தனை தட்டுகள், எத்தனை சிற்பங்கள், எத்தனை தொம்பைகள் இருந்தாலும் அவ்வளவு பாரமும் இறங்கி நிற்பது இரண்டு அச்சுகளின் மேல்தான். தரிசிக்க வருபவர் கண்ணுக்கு அவை தெரிவதில்லை.

இக்காலத்து இளைஞர்கள் சிலருக்குப் பழைய ஜீப்பைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது ஒரு பெரும் ஆர்வம். பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் நாடு விடுதலை பெற்ற காலத்தில் கோக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகள் அவை. பேரன் வாரக் கடைசியெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடக்கிறான் என்று குறைப்படும் தாத்தாக்கள் உண்டு. அந்த வண்டியின் சிறப்பு, எந்திரத்தின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்வது; ஒன்று சேற்றில் அழுந்தினாலும் மற்றவை இழுத்துக்கொண்டு போகும். புதுப்பிப்பவர்கள் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய பிரேக்கை நீக்கி நல்ல பிரேக்கைப் பொருத்துகிறார்கள். தாத்தா சிரிக்கலாம். ஆனால் அவர் வடம் பிடிக்கும் தேரிலும் நடந்திருப்பது அதே வேலைதான்.

தேருக்கு நான்கு சக்கரம் உண்டு, எந்திரம் இல்லை. வடம் முன்னிருந்து இழுக்கிறது. நிலையிலிருந்து அசைக்க அது போதாது. எனவே பின்சக்கரங்களின் அடியில் சன்னை என்னும் நீண்ட நெம்புமரங்களைக் கொடுத்து, அவற்றின் மேல் பலர் ஏறி மிதிக்கிறார்கள். நெல்லையில் இதைத் தடி போடுதல் என்பர். அந்த ஒரு கணத்தில்தான் சக்கரத்துக்கே நேராக விசை சேர்கிறது. கூட்டம் வடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தேரை எழுப்புபவர்கள் பின்னால் இருப்பார்கள்.

எழுப்புவதைவிட நிறுத்துவதும் திருப்புவதும் கடினம். அச்சுகள் அசையாமல் பொருத்தப்பட்டவை என்பதால் மாட்டு வண்டி போலத் தேர் திரும்பாது. ஓடும் சக்கரத்தின் முன் மரக்கட்டையைச் சாய்வாக இட்டால், சக்கரம் அதன்மேல் உராய்ந்து சற்றே விலகும். நேராக இட்டால் நிற்கும். அதுவே முட்டுக்கட்டை. நல்ல காரியத்தைக் கெடுப்பவனை முட்டுக்கட்டை போடுகிறான் என்று வைகிறோம். மொழி அந்தக் கட்டைக்குச் செய்த அநீதி இது. நூற்றுக்கணக்கானோர் உயிரை ஒவ்வோர் ஆண்டும் காப்பது அக்கட்டையும் அதை இடுபவரின் கையும். உருளும் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து, கட்டையை வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பணியில் கை கால் இழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு.

ஆகவேதான் பிரேக் வந்தது. இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு 96 அடி உயரமும், ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது என்பர். பழைய தேர் 1926-இல் தீக்கிரையாயிற்று. புதிய தேர் செய்யப்பட்டு 1930-இல் ஓடியது. 1948-க்குப் பிறகு நின்றுபோனது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆரூர்த் தியாகேசருக்குத் தேரோட்டம் இல்லை. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1970-இல் மீண்டும் ஓடியது. இன்று அதைத் தாங்குபவை திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் செய்தளித்த இரும்பு அச்சுகளும் சக்கரங்களும். அவற்றோடு ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. குழாயில் அடைபட்ட திரவத்தை அழுத்தினால், அவ்வழுத்தம் சக்கரத்தைப் பற்றி நிறுத்துகிறது. மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் ஆலை அது. அதிலிருந்து வேறு பல கோயில்களின் தேர்களுக்கும் சக்கரங்கள் சென்றுள்ளன.

மரச் சக்கரத்தை நீக்கி இரும்பு வைப்பது மரபுக்கு மாறானதா என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. பழைய சக்கரம் கனத்த மரத் துண்டுகளை இணைத்து, சுற்றிலும் இரும்புப் பட்டை அடித்துச் செய்யப்பட்டது. வெயிலில் சுருங்கும், மழையில் ஊறும், உள்ளே பிளந்தாலும் வெளியே தெரியாது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட தேரில் தேவர்கள் தங்களுக்குக் கிடைத்தவற்றுள் மிக உறுதியானதைத்தான் வைத்தார்கள். அதுவும் போதாமல் அச்சு முறிந்தது. இரும்பு அச்சால் புனிதம் குறைந்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை.

ஆனால் பின்னால் புல்டோசரைக் கொண்டு தள்ளுவது பற்றி அவ்வாறு எளிதில் சொல்லிவிட முடியாது. மிகப்பெரிய தேர்களுக்கு அது தேவைப்படுகிறது என்பது உண்மை. எனினும் எந்திரம் தள்ளும்போது வடம் தளர்ந்து தரையில் கிடக்க, பிடித்திருப்பவர்கள் வெறுமனே கூட நடப்பதைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. நெல்லையப்பர் தேர் இன்றும் மனித விசையால்தான் ஓடுகிறது. 2024 ஆனித் தேரோட்டத்தில் அதன் வடம் மீண்டும் மீண்டும் அறுந்தது, அடியார்கள் விடவில்லை. அன்று கவனிக்கப்படாமல் போனது பக்தியன்று, கயிறு. பிரேக் உயிரைக் காக்கிறது. எந்திரம் உழைப்பை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் நவீனம் என்று அழைப்பதில்தான் குழப்பம்.

தேரைப் புதுப்பிக்கும் பணியை ஒருமுறையேனும் அருகிருந்து பார்க்க வேண்டும். மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு பலகையாக எண்ணிட்டுக் கழற்றுகிறார்கள். எண் தவறினால் ஒன்றோடொன்று பொருந்தாது. தச்சர் மரத்தைத் தட்டிப் பார்க்கிறார். நல்ல மரம் கணீரென்னும். கரையான் தின்றது மொத்தென்று ஒலிக்கும். பல தலைமுறைகளைக் கண்ட இலுப்பை மரம் இரும்பைப் போலிருக்கும். அதன் பக்கத்திலேயே, சிக்கனம் கருதிச் சில ஆண்டுகளுக்கு முன் சேர்த்த மரம் உளுத்துக் கொட்டும். சிற்பங்களின் மேல் ஆண்டுக்கொரு முறை பூசிய வண்ணத்தைச் சுரண்டினால், வில்லேந்திய பெருமானின் விரல் நகம் வரை உளியின் வேலை வெளிப்படும். அதன்மேல் மீண்டும் வண்ணம் பூசாமல் எண்ணெய் மட்டும் பூசுவது நல்லது. கோயில்தோறும் கெஞ்சிக் கேட்கவேண்டிய வேண்டுகோள் இது.

செலவுக்கு என்ன வழி? கலசத்துக்குப் பொன்முலாம் பூசவேண்டும் என்றால் உபயதாரர் ஒரே நாளில் கிடைத்துவிடுவார். அச்சுக்குக் கிரீஸ், கொட்டகைக்குத் தகரம், அடிமரத்துக்குக் கரையான் மருந்து என்றால் எவரும் முன்வருவதில்லை. கிரீஸ் டப்பாவில் பெயர் பொறிக்க முடியாதல்லவா? வணிகக் கணக்கில் தேய்மானம் என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு பொருள் பயன்படப் பயன்பட அதன் மதிப்பில் ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கழித்து எழுதுவார்கள். தேரைப் பொறுத்தவரை அந்தத் தலைப்பை எவரும் திறப்பதில்லை. முறியும் வரை பொறுத்து, முறிந்தபின் திருப்பணிக்குழு அமைக்கிறார்கள்.

திருவதிகையில் இதைச் சொல்வதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. பல்லவ மன்னன் இவ்வூரில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எழுப்பினான் என்று பெரிய புராணம் கூறுகிறது. இங்கு வரும் அடியவருள் எத்தனை பேர் அதைத் தேடிப் போகிறார்கள்? திலகவதியார் வீரட்டானத்தில் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்தார். அவ்வளவுதான். சூலை நோயோடு வந்த தம்பி நலம் பெற்று நாவுக்கரசரானபின் கையில் எடுத்தது உழவாரப் படை. புல் செதுக்கும் கருவி. அக்காவும் தம்பியும் இவ்வூரில் புதிதாக எதையும் கட்டவில்லை. இருந்ததைப் பேணினார்கள். அப்பர் கைத்தொண்டு செய்த மண்ணை மிதிக்கக் கூசிய சுந்தரர், ஊருக்குள் நுழையாமல் புறத்தே சித்தவட மடத்தில் இரவு தங்கினார். பேணிய கைக்கு அவர் கொடுத்த மதிப்பு அது. தேரின் அடியில் படுத்து அச்சுக்கு மசகிடும் தொழிலாளியும் உழவாரப் படை ஏந்தியவர்தான்.

அப்பரை நினைக்கும்போது, 2022 ஏப்ரல் 27-ஐ மறக்க முடியவில்லை. தஞ்சைக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழா. வைகறையில் அவர் திருவுருவத்தோடு வீதி வலம் வந்த அலங்காரத் தேரின் உச்சி உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். ஆண்டாண்டாக அதே வீதியில் வந்த ஊர்வலம். வீதியின் மட்டம் உயர்வதையும், அலங்காரம் சற்றுக் கூடுவதையும், கம்பி தாழ்வதையும் தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. மூன்றையும் சேர்த்து அளந்து பார்க்க ஒருவர் வேண்டும். தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித் துறையினரிடம் உறுதிச் சான்று பெறும் முறை இருக்கிறது. பெரிய கோயில்களுக்கு அது கைவந்த வழக்கம். ஊர் கூடி இழுக்கும் சிறு சப்பரங்களின் அருகில் அளவுகோலோடு போய் நிற்பவர் யார்? ஓய்வு பெற்ற பொறியாளர்களும் மின்வாரியப் பணியாளர்களும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். வடம் பிடிக்கத் தோள் இடம் கொடாத வயதில், விழாவுக்கு ஒரு வாரம் முன்பு கைத்தடியோடு வீதியைச் சுற்றி வந்து, எந்த மூலையில் கிளை தாழ்ந்திருக்கிறது, எங்கே பள்ளம் தோண்டி மூடாமல் விட்டிருக்கிறார்கள் என்று குறித்துக் கொடுப்பது அவர்களால் இயலும் காரியம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும்.

பெருமானுக்குத் தேர் தேவைப்படவில்லை என்பது கதையின் முடிவு. வில்லும் அம்பும் ஆயத்தமாக இருக்க, அவர் சிரித்தார், முப்புரமும் எரிந்தன. தங்கள் உதவி இல்லாமல் ஆகாது என்று எண்ணிய தேவர்கள் நாணினார்கள். ஆயினும் அவர்கள் செய்த தேரில், முறிந்த அச்சைச் சரி செய்யும் வரை காத்திருந்து, அவர் ஏறித்தான் வந்தார்.

தேரோட்டத்து நாள் காலையில் மின்வாரியத்தார் ஏணியோடு வந்து வீதியின் கம்பிகளைக் கழற்றுவார்கள். விசிறியும் விளக்கும் நின்றுவிடும். வீட்டுத் திண்ணைகளில் முதியவர்கள் ஓலை விசிறியால் வீசிக்கொண்டு காத்திருப்பார்கள். தேர் நிலைக்கு வந்து, சக்கரங்களுக்கு நான்கு புறமும் கட்டை கொடுத்து, ஆள் எண்ணிப் பார்த்தபின், கம்பிகள் மீண்டும் பூட்டப்படும். ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும்.