பொதுச்சுவர்

சிற்றூர்களில் பழைய வீடு வாங்குவோர் பெரும்பாலும் மனையைத்தான் வாங்குகிறார்கள். வீடு என்பது இடிப்பதற்காக உடன் வருவது. நாங்கள் ரிஷிவந்தியத்தில் ஓட்டு வீடு ஒன்றை, அதிலேயே வாழும் எண்ணத்துடன் வாங்கப் போவதாகச் சொன்னபோது நண்பர்கள் வியந்ததற்குக் காரணம் அதுதான். அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு அண்மையில் ஒரே வரிசையாக நிற்கும் வீடுகளுள் அது ஒன்று. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்கட்டில் கிணறு. இரு பக்கமும் அண்டை வீடுகள். இடையில் ஒரு விரற்கடை இடைவெளியும் கிடையாது. சென்னையில் வாடகை வீடுகளில் கழிந்த ஆண்டுகளில் சேர்த்த பணம் முழுவதும் இதற்கே செலவாகும் என்பதால், நண்பர்களின் அச்சத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிட இயலவில்லை.

அதே வேளையில் எங்கள் உறவினர் ஒருவர் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பழைய வரிசை வீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எபனேசர் ஹாவர்டு என்ற ஆங்கிலேயர் 1898-இல் முன்வைத்த தோட்ட நகரக் கருத்தைத் தழுவி, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் டச்சுக்காரர்கள் தொழிலாளர்களுக்கெனப் பல தோட்டப் புறநகர்களை அமைத்தார்கள். ராட்டர்டாமின் ஃப்ரேவைக் அவற்றுள் புகழ்பெற்றது. செங்கற் சுவர், ஓட்டுக் கூரை, முன்னும் பின்னும் சிறு தோட்டம், பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர். அவர் தொலைபேசியில் விவரிக்க விவரிக்க, எங்கள் தெருவைப் பற்றியே பேசுகிறாரோ என்று தோன்றும்.

முதலில் பத்திரங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீடு என்றால் மனை யாருடையது என்பதே முதற் கேள்வி. கோயில் நிலமாக இருந்தால் கட்டடம் மட்டுமே நமது. மனைக்கு அடிமனை வாடகை செலுத்த வேண்டும். உரிய இசைவின்றி அதற்குக் கிரயப் பத்திரம் பதிவாகாது. (ஆம்ஸ்டர்டாமிலும் 1896 முதல் நகராட்சி தன் நிலத்தை விற்காமல் குத்தகைக்கே விடும் வழக்கம் உண்டு என்றார் உறவினர். அங்கே நகராட்சி, இங்கே இறைவன்.) எங்கள் மனை கிராம நத்தம், பட்டாவும் இருந்தது.

வில்லங்கச் சான்றில் குறையில்லை. ஆனால் அது பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதைக் காட்டாது. மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டென்று 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் நடுவண் அரசும் சட்டத் திருத்தம் செய்துள்ளன. ஆகவே விற்பவரின் இரு சகோதரிகளும் கையொப்பமிட வேண்டும் என்றோம். வழக்கறிஞரும் அதையே வற்புறுத்தினார். நாங்கள் அணுகிய வங்கியோ மண்சாந்துச் சுவருக்குக் கடன் தர முன்வரவில்லை. மனைக்கு மட்டுமே மதிப்புப் போட்டது. அதோடு முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடும் பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடும் சேர்ந்தன.

அடுத்து வீடு. ஆசாரி உத்தரங்களையும் கைமரங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஓசை மழுங்கிய இடங்களில் உளியை வைத்தார். உத்தரத்தின் நடுப்பகுதி இரும்பு போலிருந்தது. மேற்குச் சுவருக்குள் புகுந்த முனைகளைத்தான் கறையான் தின்றிருந்தது. கொத்தனார் சுவரைத் தடவிப் பார்த்து, யாரோ பூசியிருந்த சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்னார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும் என்பது அவர் விளக்கம்.

அந்த மேற்குச் சுவரைத் தாய்ப்பத்திரத்தின் நான்கெல்லை விவரம் ‘பொதுச்சுவர்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறித்திருந்தது. எங்கள் உத்தரமும் அண்டை வீட்டு உத்தரமும் அதன் மீதே தங்கியிருந்தன. அவர்கள் தம் வீட்டை இடித்துக் கான்கிரீட் எழுப்பினால், ஒரு பக்கத் தாங்கலை இழந்த மண்சுவர் என்னவாகும்? அங்கே தனியாக வாழ்பவர் எழுபது கடந்த ஒரு மூதாட்டி. பிள்ளைகள் பெங்களூரில். எங்கள் அச்சத்தை மெல்லச் சொன்னோம். அவர் அச்சமோ வேறாக இருந்தது.

“செவுத்த நான் இருக்கிற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க தம்பி. நீங்க பூட்டிப் போட்டுட்டுப் பட்டணம் போறதா இருந்தா வாங்காதீங்க. உங்க ஓடு ஒடஞ்சா என் செவுருதான் ஊறும்.”

உத்தரத்தின் முனைகள் மட்டும் ஏன் அரிக்கப்பட்டன என்பது அப்போது விளங்கியது. நாங்கள் வாங்கவிருந்த வீடு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. உடைந்த ஓட்டின் வழியே ஐப்பசி கார்த்திகை மழை பொதுச்சுவரில் இறங்கியது. அந்த ஈரத்தைத் தேடிக் கறையான் வந்தது. அண்டை வீட்டார் இடித்துவிடுவார்களோ என்று நாங்கள் அஞ்சிக்கொண்டிருக்க, எங்கள் பக்கத்து வீடே அவர் சுவரை ஓசையின்றிக் கரைத்துக்கொண்டிருந்தது.

இதை உறவினரிடம் சொன்னபோது அவரும் ஒன்று சொன்னார். ராட்டர்டாமின் பழைய வீடுகள் பல மரக் கம்பங்களை அடித்தளமாகக் கொண்டவை. நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை கம்பங்களுக்குக் கேடில்லை. நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப் பட்டால் உளுத்துப்போகும். சீர்செய்ய முனைந்தால் ஒருவர் வீட்டை மட்டும் சீர்செய்தல் அரிது. சுவர் பகிரும் வீட்டார் அனைவரும் ஒப்ப வேண்டும். ஆகவே வீட்டைச் சோதிக்கும் முன் அக்கம்பக்கத்தாரைச் சந்திக்கப் போவதாகக் கூறினார்.

வரிசை வீட்டை வாங்குபவர் ஒரு வீட்டை மட்டும் வாங்குவதில்லை. அண்டை வீட்டுச் சுவரைக் காக்கும் கடனையும் சேர்த்தே வாங்குகிறார். அந்தக் கடனுக்குப் பட்டா கிடையாது. ஆளில்லாமல் பூட்டிய ஒரு வீடு தெரு முழுவதையும் ஈரமாக்கிவிடும்.

கிரயத்துடன் தனியாக ஓர் ஒப்பந்தமும் எழுதிப் பதிவு செய்தோம். இரு தரப்பிலும் எவர் இடிப்பதானாலும் முன்னறிவிப்புத் தர வேண்டும்; பொதுச்சுவருக்குத் தாங்கல் அமைத்த பின்னரே இடிக்க வேண்டும்; பழுதுபார்க்கும் செலவு சரிபாதி. மூதாட்டியின் பிள்ளைகளும் வந்து கையெழுத்திட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு எந்தப் பத்திரமும் உறுதி தராது.

எங்கள் தரப்பில் இன்னொரு முடிவும் தேவைப்பட்டது. ஓய்வுபெற்ற பின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்ததை மாற்றி, எங்களுள் ஒருவர் இப்போதே அங்கே குடியேறுவதென்று தீர்மானித்தோம். வருமானம் பாதியாகும், இரண்டு அடுப்பு எரியும். ஆனால் மழை நம் வசதிக்குக் காத்திருப்பதில்லை. மாற்ற வேண்டிய ஓடுகள் திண்ணையில் அடுக்கப்பட்டிருக்கின்றன.