சிற்றெழுத்தும் பேரெழுத்தும்

புதிய நூலொன்று கையிற் கிடைத்தால், அதன் பொருளை அறியுமுன் எழுத்தழகை நோக்குதல் எமது வழக்கம். ககரத்தின் வளைவையும், ளகரத்தின் சுழியையும், வரிகளுக்கிடையே விடப்பட்ட வெளியையும் கண்டு நாம் மகிழ்ந்திருப்போம். வீட்டார் எம்மைப் பார்த்து நகைப்பர். எனினும், எழுத்தின் உருவமும் அளவும் வெறும் அலங்காரமல்ல. ஒரு நூல் யாருக்குப் பயன்படும் என்பதையே அவை தீர்மானிக்கின்றன.

தரங்கம்பாடி வரலாற்றை நோக்குக. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துக்கள் 1713ஆம் ஆண்டிலே அங்கு வந்து சேர்ந்தன. அவையோ மிகப் பெரியவை, கடதாசியோ அரிது. ஆகவே சீகன்பால்கு ஐயரும் அவர்தம் துணைவரும் சிறிய எழுத்துக்களைப் புதிதாக வார்ப்பித்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறிற்று.

எழுத்தைச் சிறிதாக்குதல் எளிய வேலையன்று. உருக்குத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதனைச் செம்பிலே அறைந்து, அப்பள்ளத்தில் ஈயக் கலவையை வார்த்தல் வேண்டும். சுழி சற்றே குறுகினும் மை அடைத்துக்கொள்ளும். இவ்வருஞ்செயலிற் புகழ்பெற்றவர் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்து ஹண்ட் என்பவர். யாழ்ப்பாணத்தில் வித்திடப்பட்ட வின்சுலோ அகராதியை 1862இல் அவரே அச்சிட்டார். 67,000க்கு மேற்பட்ட சொற்கள் ஒரே நூலில் அடங்கின.

ஆயினும், சிறுமையே சிறப்பென்று கொள்ளலாகாது. 'பெரிய எழுத்து' என்று தலைப்பிலேயே பொறித்து வெளிவந்த கதைப் புத்தகங்களை முதியோர் அறிவர். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை எம் அப்பாச்சி விளக்கொளியில் எழுத்துக் கூட்டி வாசித்ததை நாம் கண்டிருக்கிறோம். பள்ளிக்குச் செல்லாத அவருக்கு அந்நூலே பள்ளியாயிற்று. நுண்ணெழுத்து நூல்களோ, அலுமாரியில் இருந்தும் அவருக்கு இல்லாதனவே.

இன்று திரையிலே விரலசைவில் எழுத்தைப் பெருக்கலாம்; அச்சிட்ட தாளில் அது இயலாது. ஆதலால், பாடசாலை மலரும் கோயில் மலரும் தொகுக்கும் மாணவர்களே, பக்கத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைக் குறுக்குமுன் வாசிப்போரின் கண்களை எண்ணுங்கள். மாதிரிப் பக்கமொன்றை அச்சிட்டு, வீட்டிலுள்ள மூத்தவரிடம் கொடுங்கள். அவர் தாளைத் தூரப்பிடித்துக் கண்ணைச் சுருக்குவாராயின், எழுத்தை ஒருபடி பெரிதாக்குங்கள். இரண்டு பக்கம் கூடினாற் கூடட்டும்.