டிராபண்ட்: துருப்பிடிக்காத கார், போட இடமில்லாத கார்

எஃகுத் தகட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பிளாஸ்டிக்கில் கார் செய்த நாடு ஒன்று இருந்தது. கிழக்கு ஜெர்மனி. ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை தயாரான அந்தக் காரின் பெயர் டிராபண்ட். மொத்தம் சுமார் 30 லட்சம் கார்கள்!

அட்டைக் கார் என்று அதைக் கேலி செய்வார்கள். உண்மையில் உள்கூண்டு எஃகுதான். மேலே போர்த்திய கூரை, பானெட், கதவுத் தகடு, மட்கார்டு எல்லாம் டூரோபிளாஸ்ட். சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த பஞ்சுக் கழிவை பீனால் பிசினோடு சேர்த்து, சூடான அச்சில் வைத்து அழுத்துவார்கள். பஞ்சிழை பலம் கொடுக்கும், பிசின் பிடித்து வைக்கும். பாலிமர் கூட்டுப்பொருள் என்று இன்று சொல்வது இதைத்தான். மேல்தோலுக்குத் துரு என்ற பேச்சே இல்லை. (அடியில் இருந்த எஃகு வழக்கம்போல் துருப்பிடித்தது, அது வேறு கதை.)

எஃகுத் தகட்டை அச்சில் ஒரு அடி அடித்தால் நொடிகளில் வேலை முடியும். பிசின் வேகவோ நிமிடங்கள் ஆகும். பதிந்துவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து கார் வாங்கியவர்கள் உண்டு. அதற்கு இது மட்டுமே காரணம் இல்லைதான்.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. பழைய மேற்கத்தியக் கார்களே மேல் என்று ஆகிவிட, டிராபண்டுகள் தெருவோரம் அனாதையாக நின்றன. எஃகை உருக்கலாம். டூரோபிளாஸ்ட்டை? வெல்லம் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும்; இன்றைய பம்பர்களில் உள்ள பாலிபுரொப்பிலீன் அந்த ஜாதி. டூரோபிளாஸ்ட் இட்லி மாதிரி. வெந்தது வெந்ததுதான், திரும்ப மாவாகாது. எரித்தால் நச்சுப் புகை.

இந்தத் தலைவலி டிராபண்டோடு போகவில்லை. அதே சாக்சனி மாநிலத்தின் லைப்சிக் நகரில் 2013 முதல் 2022 வரை பிஎம்டபிள்யூ ஐ3 என்ற மின்கார் தயாரானது. இதில் எல்லாம் தலைகீழ்: மேல்தோல் இளகும் பிளாஸ்டிக், உள்கூண்டு கார்பன் இழையும் இறுகிய பிசினும். அதனால்தான் பேட்டரியோடு சேர்த்தும் எடை ஏறக்குறைய 1,200 கிலோ. அதன் கூரைக்குத் தொழிற்சாலையில் வெட்டி மிஞ்சிய கார்பன் இழையைப் பயன்படுத்தினார்கள், நல்ல யோசனை.

ஆனால் ஓடித் தேய்ந்த காரின் கூண்டு அவ்வளவு லேசில் பிரியாது. காரின் எடையில் 85 சதவீதம் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும் என்று 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கேட்கிறது. காற்றில்லாமல் சூடாக்கிப் பிசினைச் சிதைத்தால் இழை கிடைக்கும், துண்டு துண்டாக. பிசின் போனது போனதுதான்.